சுவரில் சுவிட்சை அணைத்தால் கணினியில் தேதி, செட்டிங்ஸ் எல்லாம் போய்விடுகிறதா? சிங்கப்பூர் நண்பர்களே, உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

அங் மோ கியோவிலிருந்து:

எங்கள் மாடியில் இருக்கும் அக்கா வீட்டு டெஸ்க்டாப்பில் தினமும் காலையில் தேதி 2015 ஜனவரி 1 என்றுதான் வரும். வங்கித் தளம் திறக்காது, பையனின் பள்ளித் தளமும் திறக்காது. “உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல” என்ற எச்சரிக்கைதான் வரும். வைரஸ் என்றார் ஒருவர். மதர்போர்டு (கணினியின் முக்கியச் சுற்றுப் பலகை) போய்விட்டது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடையில் சொல்லிவிட்டார்கள். நிறைய வெள்ளி செலவாகுமே என்று அக்கா கலங்கிப்போயிருந்தார்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். “ராத்திரி சுவர் சுவிட்சை அணைச்சிடுவீங்களா அக்கா?” “ஆமா தம்பி, கரண்ட் பில் ஏறுதே!”

விஷயம் அங்கேதான் இருக்கிறது. கணினியை ஷட் டவுன் செய்தாலும், சுவர் சுவிட்ச் போட்டிருக்கும்வரை மதர்போர்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். உள்ளிருக்கும் கடிகாரம் அதில் ஓடும். சுவிட்சை அணைத்ததும் அந்தப் பொறுப்பு முழுக்க சிஆர்2032 என்ற பட்டன் பேட்டரிக்கு வந்துவிடும். 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெயரிலிருக்கும் எண்ணே அந்த அளவுதான். சிங்கப்பூரில் எல்லாச் சுவர் பிளக்கிலும் சுவிட்ச் இருப்பதால், நம் வீடுகளில் பலரும் இரவில் அணைத்துவிட்டுத்தான் படுப்போம். அணைப்பதில் தப்பே இல்லை. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான்.

தேதி தவறினால் தளம் ஏன் திறக்கவில்லை? ஒவ்வொரு தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழும் இந்த நாளிலிருந்து இந்த நாள்வரை என்றுதான் செல்லும். 2015-இல் நிற்கும் கணினியைப் பொறுத்தவரை இன்றைய சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை. இணையம் வழியாக நேரம் தானாகச் சரியாகாதா என்றால், வழக்கமான அமைப்பில் வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் விண்டோஸ் அந்தத் திருத்தத்தை ஏற்காது.

பழைய பேட்டரியை மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்தால் 2.3 வோல்ட். புதியது என்றால் 3-க்குச் சற்று மேலே இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, கேபினெட்டின் இரும்பை ஒருமுறை தொட்டு உடம்பிலிருக்கும் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, பக்கத்துக் கிளிப்பை அழுத்தினால் பேட்டரி எழும்பி வரும். கூட்டல் குறி மேலே தெரிய புதியதை வைத்து, பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் அடிப்படை அமைப்புத் திரை) தேதியைத் திருத்தினேன். முஸ்தபா கடையிலோ பக்கத்துச் சூப்பர்மார்க்கெட்டிலோ சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள். இதை மாற்றிப் பார்க்காமல் மதர்போர்டு வாங்கச் சொன்னதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

உட்லண்ட்ஸிலிருந்து:

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் அலுவலகத்தில் கரண்ட் போய்த் திரும்பி வந்ததும் ஒரு பழைய கணினியில் விண்டோஸ் ஏறவில்லை, நீலத் திரையில் வந்து நின்றது. ஹார்ட் டிஸ்க் போச்சு, ஃபார்மட் செய்யலாம் என்று பேச்சு ஆரம்பித்துவிட்டது. பேட்டரி செத்ததால் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, சாட்டா முறை (ஹார்ட் டிஸ்க்கோடு கணினி பேசும் விதம்) ஏஹெச்சிஐ என்பதிலிருந்து ரெய்டு என்பதற்கு மாறியிருந்தது. அதைத் திருப்பி வைத்ததும் எல்லாக் கோப்புகளும் இருந்தன. ஃபார்மட் என்ற வார்த்தையை யாராவது எடுத்தால், தயவுசெய்து முதலில் பயாஸில் சாட்டா முறை என்ற அந்த ஒரு வரியைப் பாருங்கள். கணினி நன்றாக ஓடும்போதே பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) போட்டிருப்பவர்கள் மீட்புச் சாவியையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸ் மாறினால் பிட்லாக்கர் அந்தச் சாவியைக் கேட்கக்கூடும்.

தெம்பனிஸிலிருந்து:

என் கணினியில் நேரம் எப்போதும் சரியாக 8 மணி நேரம் தள்ளியே இருந்தது. பேட்டரி மாற்றியும் மாறவில்லை. காரணம் வேறு. அதில் விண்டோஸும், லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் சேர்ந்து இருக்கின்றன. லினக்ஸ் உள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் வைக்கும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். சிங்கப்பூர் நேரம் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால் இருப்பதால்தான் அந்தக் கணக்கு. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றி வைத்ததும் சரியாகிவிட்டது. ஆகவே நிமிடம் பிசகாமல் 8 மணி வித்தியாசம் என்றால் பேட்டரியைத் தேடாதீர்கள்.

செங்காங்கிலிருந்து:

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்காரர்களுக்கு ஒன்று சொல்லியே ஆகவேண்டும். கழற்றிய பேட்டரியை மேசைமேல் வைக்காதீர்கள். தீர்ந்துபோனது என்று நாம் நினைக்கும் பேட்டரியிலும் மின்சாரம் மிச்சம் இருக்கும். குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், இல்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். நான் கழற்றியதும் இரண்டு பக்கமும் டேப் ஒட்டி, மின்கழிவுத் தொட்டியில் போட்டுவிடுவேன். பேட்டரிகளை ஏற்கும் தொட்டிதானா என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்துப் போடுங்கள்.

அங் மோ கியோவிலிருந்து:

தங்கச்சி, ரொம்ப நன்றி. அக்கா வீட்டிலும் சின்னப் பேரன் இருக்கிறான். பழைய பேட்டரி என் கருவிப் பெட்டியில்தான் இருக்கிறது, டேப் ஒட்டிவிடுகிறேன். லேப்டாப்பில் இதே பிரச்சினை வந்து யாராவது சரிசெய்திருக்கிறீர்களா? சிலவற்றில் பட்டன் பேட்டரி ஒயரோடு வருகிறது, அதைக் கழற்றியவர்கள் எழுதுங்கள்.