அண்ணனின் குடி: பவுடர், கயிறு, வேன் இதெல்லாம் வேண்டாம் என்றால் எங்கே போவது?

பட்டுக்கோட்டைத் தங்கை

எல்லோருக்கும் வணக்கம். என் அண்ணனுக்கு 36 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் 14 வருஷம் டெய்லராக இருந்தார். அப்பா இறந்த பிறகு ஊருக்கே வந்துவிட்டார், திண்ணையில் மிஷின் போட்டு ஜாக்கெட், பள்ளிக்கூட யூனிஃபார்ம் என்று தைத்துக்கொண்டிருந்தார். குடி முன்பும் உண்டு, ஆனால் இந்த 2 வருஷத்தில் எல்லை மீறிவிட்டது. காலையில் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நூல் முனையை எச்சில் தொட்டு முறுக்குவார், ஊசிக் காது வரைக்கும் கொண்டுபோவார், கை உதறும், மறுபடி எச்சில் தொடுவார். நான் கோத்துக் கொடுக்கிறேன் என்று போனால் கோபம் வரும். டாஸ்மாக் கடை 12 மணிக்குத் திறந்ததும் போய்விட்டு வந்து உட்கார்ந்தால் ஒரே தடவையில் நூல் உள்ளே போய்விடும். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு அடிவயிற்றைப் பிசைகிறது.

அண்ணி பையனைக் கூட்டிக்கொண்டு தன் அம்மா வீட்டுக்குப் போய் 4 மாதம் ஆகிறது. அண்ணனுக்கு ராத்திரி தூக்கமே இல்லை, "அப்பாவை நான் சரியாப் பாக்கல" என்று அழுகிறார். போன வாரம் அம்மாவிடம் "நான் போய்ட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று சொன்னார்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெரியப்பா கோயிலில் கயிறு கட்டலாம் என்கிறார். சித்தி, சாம்பாரில் கலந்து கொடுக்கும் பவுடர் ஒன்று இருக்கிறது, அவனுக்குத் தெரியவே தெரியாது என்கிறார், அம்மாவும் அதற்குச் சாய்ந்துவிட்டாள். மாமா ஒரு மையத்தின் நம்பர் வைத்திருக்கிறார், போன் போட்டால் வேனில் 4 பேர் வந்து தூக்கிப் போய்விடுவார்களாம், 3 மாதம் கழித்துத்தான் பார்க்க விடுவார்களாம். எனக்கு மூன்றுமே பயமாக இருக்கிறது. கையில் பெரிய பணம் இல்லை. தஞ்சாவூர் பக்கம் அரசாங்கத்தில் ஏதாவது உண்டா? அம்மா "மனநல டாக்டர்" என்றாலே ஊர் என்ன பேசும் என்கிறாள். அண்ணன் வர மறுத்தால் என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வார்டு செவிலி

தங்கச்சி, நான் ஒரு அரசு மருத்துவமனையின் மனநல வார்டில் செவிலியராக இருக்கிறேன். குடியைப் பிறகு பார்ப்போம், "நான் போய்ட்டா நிம்மதி" என்று சொன்னாரே, அதை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். போதையில் உளறினார் என்று விட்டுவிடாதீர்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து "அண்ணா, செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகும் என்று பலரும் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது, கேட்டதும் அழுது கொட்டிவிட்டு அமைதியானவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் உங்கள் வீட்டில் வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து, எலி மருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில், தற்கொலைத் தடுப்புக்காக நடக்கும் சினேகா அமைப்பினர் ஊருக்குப் பொதுவாக ஒரு கட்டடத்தில் பெட்டிகள் வைத்து, ஒவ்வொரு வீட்டுப் பூச்சிமருந்தையும் பூட்டி வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார்கள். சாகத் தோன்றும் வேகம் பல பேருக்குச் சில நிமிஷம்தான் உச்சத்தில் இருக்கும், அந்த நிமிஷத்தில் கைக்கு எட்டும் இடத்தில் விஷம் இருக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. சினேகா 1986-லிருந்து சென்னையில் நடக்கிறது, 044-24640050 என்ற எண்ணில் பேசலாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அண்ணன்தான் பேச வேண்டும் என்று இல்லை, நீங்களே பேசலாம்.

இப்போது குடி. தயவுசெய்து "நாளையிலிருந்து ஒரு சொட்டுக் கூடாது" என்று அறையில் பூட்டி வைக்காதீர்கள். காலையில் கை உதறுகிறது என்றால் உடம்பு குடிக்குப் பழகிவிட்டது. திடீரென நிறுத்தினால் முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம், 2, 3, 4-ஆம் நாட்களில் ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றல் வரலாம், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார்கள், வியர்த்துக் கொட்டும், காய்ச்சல் அடிக்கும். இதில் உயிர் போகவும் கூடும். வார்டில் இதற்கு மாத்திரை கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்துக்கொண்டே வருவோம், வைட்டமின் பி1 ஊசியும் போடுவோம். உள்ளூரில் குளுக்கோஸ் ஏற்றிவிட்டால் தெளிந்துவிடுவார் என்று சொன்னால் கேட்காதீர்கள், பி1 கொடுக்காமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றுவது குடிநோயாளியின் மூளைக்கே ஆபத்தாக முடியலாம்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓபி சீட்டு வாங்கினால் போதும். மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர்கள் குறிப்பிட்ட நாட்களில் தாலுகா மருத்துவமனைகளுக்கும் வருகிறார்கள், உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்று ஜி.எச்.சில் கேளுங்கள். 2025-இல் தமிழ்நாடு அரசு "கலங்கரை" என்ற பெயரில் 25 போதை மீட்பு மையங்களை அரசு மருத்துவமனைகளில் தொடங்கியது, உங்களுக்குப் பக்கத்தில் எது என்று 104-இல் கேட்கலாம்.

ஒன்று முக்கியம். அப்பா இறந்த துக்கம், தூக்கமின்மை, குற்ற உணர்வு எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மனச்சோர்வு ஒரு பக்கம், குடி ஒரு பக்கம் என்று பிரித்து வைத்தியம் பார்த்தால் இரண்டுமே நிற்காது.

திரும்பி வந்தவன்

தங்கச்சி, நான் குடியை விட்டு 7 வருஷம் ஆகிறது. செவிலியர் அக்கா சொன்ன வலிப்பு எனக்கே வந்தது. என் பெண்ணுக்குக் காதுகுத்து, அன்றைக்காவது ஒழுங்காக இருக்க வேண்டும் என்று நானாகவே நிறுத்தினேன். இரண்டாம் நாள் பஸ் ஸ்டாண்டில் விழுந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன், யாரோ கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்களாம். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறான் என்று சுற்றி நின்றவர்கள் பேசியது காதில் விழுந்தது. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை குடிக்காமல் விழுந்தேன், அன்றைக்கும் அந்தப் பேச்சுத்தான்.

கயிறு கட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் கட்டியிருக்கிறேன், மாலையும் போட்டிருக்கிறேன். ஒரு மண்டலம் சுத்தமாக இருந்தேன். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் எங்கே இருந்தேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கயிற்றுக்குத் தேதி முடிந்த மறுநாள் என்ன செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்குத் தேவைப்பட்டது அதுதான். அண்ணன் விருப்பப்பட்டுக் கட்டிக்கொண்டால் கட்டட்டும், ஆனால் டாக்டரைப் பார்த்த பிறகு.

எனக்கு அந்த மறுநாளைக் கற்றுக்கொடுத்தது ஏ.ஏ. மீட்டிங். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், 1935-இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் தொடங்கியது, நம் ஊர்களிலும் நடக்கிறது, தமிழிலேயே பேசுகிறார்கள். நான் முதலில் போனது ஒரு சர்ச் பக்கத்துச் சின்ன ஹால். பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகப் போட்டிருந்தது. ஒருவர் டீயை நீட்டினார், கை நடுக்கத்தில் கொட்டிவிடுவேன் என்று வேண்டாம் என்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், டம்ளரில் பாதி மட்டும் ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். அரை டம்ளர் என்றால் கொட்டாது. இவருக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தபோதே எனக்குப் புரிந்துவிட்டது, இவரும் என்னைப் போல நடுங்கியவர்தான். என் மனைவி 10 வருஷம் அழுது சொன்னது உள்ளே இறங்கவில்லை, அந்த அரை டம்ளர் இறங்கியது.

கட்டணம் கிடையாது, முழுப் பெயர் கேட்கமாட்டார்கள், குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை இருந்தால் போதும். இந்த மதம் அந்த மதம் என்று எதுவும் இல்லை, வாடகை கட்டுப்படியாகும் இடத்தில் நடத்துகிறார்கள், அவ்வளவுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நான் முதல் வருஷத்தில் 2 தடவை சறுக்கினேன். அண்ணனும் சறுக்கலாம். அப்போது "அவ்வளவுதான், எல்லாம் வீண்" என்று வீட்டில் யாரும் சொல்லிவிடாதீர்கள், திரும்ப அழைத்துப் போங்கள்.

மூன்றாவது தெரு

நான் குடிக்கிறவரின் மனைவி. பவுடரைப் பற்றி யாராவது விவரமாகச் சொல்வார்கள் என்று பார்த்தேன், நானே சொல்கிறேன். என் வீட்டில் நான் கலந்தேன். பாக்கெட்டில் மூலிகை என்று போட்டிருந்தது. அன்று ராத்திரி அவர் குடித்துவிட்டு வந்து சாப்பிட்டார், கொஞ்ச நேரத்தில் முகம் செக்கச் செவேலென்று ஆகி, நெஞ்சு படபடத்து, வாந்தி நிற்கவே இல்லை. ஜி.எச்.சில் டாக்டர் "என்ன கொடுத்தீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். டைசல்ஃபிரம் என்று ஒரு மருந்து உண்டாம், அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் இப்படித்தான் ஆகுமாம், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகுமாம். நோயாளிக்குச் சொல்லி, பரிசோதனை எல்லாம் செய்து, அவர் சம்மதித்த பிறகு டாக்டர் கொடுக்க வேண்டிய மாத்திரை அது. நான் வாங்கிய பாக்கெட்டில் என்ன இருந்தது என்று கடைசிவரை தெரியவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், அதற்கப்புறம் 1 வருஷம் அவர் என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. உங்கள் அம்மாவிடம் இதை வாசித்துக் காட்டுங்கள்.

வேனும் எங்கள் வீட்டுக்கு வந்தது. மையத்தின் பெயர் வேண்டாம். கையைக் கட்டித்தான் ஏற்றினார்கள், அவர் என்னைப் பார்த்துக் கத்திய கத்தல் இன்னும் கேட்கிறது. உள்ளே அடி. ஒரு டாக்டர்கூட முழுநேரமாக இல்லை. திரும்பி வந்த அன்றே குடித்தார். பிறகுதான் தெரிந்தது, 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடிநோயும் அடங்கும், மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், சங்கிலியால் கட்டக் கூடாது. சம்மதிக்கும் நிலையில் ஒருவர் இல்லாவிட்டால் அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது, மனநல டாக்டர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதுவும் முதலில் 30 நாள் வரைதான். 2001-இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டி வைத்திருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் எரிந்து போனார்களே, அதற்கப்புறமும் "கட்டிப் போட்டால் சரியாகிவிடும்" என்று நம் ஆட்கள் சொல்லும்போது எனக்குத் தாங்கவில்லை.

நீங்கள் கேட்டீர்களே, வர மறுத்தால் என்ன செய்வது என்று. நீங்கள் போங்கள். அண்ணன் இல்லாமல் நீங்களும் அம்மாவும் மட்டும் போங்கள். சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது, குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கியது, அங்கே குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சை உண்டு. நான் போனது அல்-அனான், குடிக்கிறவர்களின் குடும்பத்தினர் கூடும் மீட்டிங். அங்கேதான் தெரிந்தது, நான் அவர் முதலாளிக்குப் போன் போட்டு "காய்ச்சல், வரமாட்டார்" என்று பொய் சொன்னதும், கடனை அடைத்ததும், வாந்தியைத் துடைத்ததும் எல்லாம் சேர்ந்து அவருக்குக் குடியின் விலை தெரியாமலே செய்துவிட்டது என்று. நான் பொய் சொல்வதை நிறுத்திய 5-ஆம் மாதம் அவராகவே "டாக்டரைப் பாக்கலாமா" என்றார். எல்லா வீட்டிலும் அப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த 5 மாதத்தில் நான் ராத்திரி தூங்க ஆரம்பித்தேன், பிள்ளைகள் மேல் எரிந்து விழுவதை நிறுத்தினேன், அதுவே எனக்குப் பெரிது.

பட்டுக்கோட்டைத் தங்கை

12 நாள் கழித்து எழுதுகிறேன். எழுதிய எல்லோருக்கும் நன்றி. அன்று ராத்திரியே கொல்லையில் இருந்த பூச்சிமருந்து டப்பாக்களைப் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தோம். மறுநாள் 14416-க்குப் பேசினேன், அந்தப் பெண் அரைமணி நேரம் நான் அழுததைக் கேட்டுவிட்டு, ஜி.எச்.சில் என்ன சொல்ல வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். அம்மாவிடம் மூன்றாவது தெரு அக்கா எழுதியதை வாசித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை, அடுக்களைக்குள் போய்ப் பவுடர் பாக்கெட்டை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள். ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாள், எனக்குத் தெரியாது.

அண்ணனிடம் நேராகக் கேட்டேன். முதலில் சிரித்தார், அப்புறம் "ரெண்டு தடவ தோணுச்சு" என்றார். குடியைப் பற்றி நான் எதுவுமே பேசவில்லை. தூக்கத்துக்கு டாக்டரைப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன், அதற்கு வந்தார். தஞ்சாவூரில் சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் நாள் ராத்திரி பிதற்றல் வந்தது, இல்லாத துணியை மடித்துக்கொண்டே இருந்தார், ஆனால் நர்ஸ் பக்கத்திலேயே இருந்தார்கள். இன்றைக்கு 9-ஆம் நாள். கை இன்னும் லேசாக ஆடுகிறது. அண்ணி பையனோடு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார், திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

திரும்பி வந்தவன் அண்ணா, தஞ்சாவூரில் மீட்டிங் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று விசாரித்துச் சொல்வீர்களா? டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே, வீட்டுக்கு வருவதற்கு முன்னால் அங்கே கூட்டிப் போகலாம் என்று நினைக்கிறேன். மூன்றாவது தெரு அக்கா, அல்-அனானுக்கு அம்மாவும் வரலாமா? அவளுக்குப் படிக்கத் தெரியாது, அதைச் சொல்லித் தயங்குகிறாள்.

மூன்றாவது தெரு

தாராளமாக வரலாம். எங்கள் மீட்டிங்கிலும் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி வருவார், மற்றவர்கள் வாசிப்பார்கள், அவர் கேட்பார். தனிச் செய்தியில் நேரமும் இடமும் அனுப்புகிறேன். முதல் நாள் பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.