பழைய மின்கோப்புகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். குன்னூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் பதிவறையைப் பார்த்துக்கொள்கிறேன். காகிதக் கோப்பென்றால் கவலையில்லை. முடிக்கும்போதே போடும் குறியில், ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், எல்.டிஸ். என்றால் ஒரு வருடம் என்று தலையெழுத்து முடிவாகிவிடும். கணினியில் இருப்பதற்கு அப்படி யாரும் முத்திரை குத்துவதில்லை. மின்னஞ்சல், ஸ்கேன், எக்செல், வாட்ஸ்அப்பில் வந்த மண்சரிவுப் படங்கள் எல்லாம் ஒரே ஹார்ட் டிஸ்கில் குவிகின்றன. ஒரே அறிக்கைக்கு ‘இறுதி’, ‘இறுதி புதியது’ என்று நாலு பிரதி. கையெழுத்தானது எது என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். மத்திய அரசின் 1993 பொது ஆவணச் சட்டமே கணினியில் உருவானதையும் ஆவணம் என்கிறது. ஆகவே இஷ்டத்துக்கு அழிக்கவும் மனம் வரவில்லை.

பெரிய தலைவலி பழைய சிடிகள்தான். இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சை பிடித்திருக்கிறது. திறக்கிற சிலவற்றிலும் தமிழ் எல்லாம் வானவில் எழுத்துருவில். அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய பொதுக் குறிமுறையான யூனிகோடுக்கு 2010-லேயே அரசாணை வந்தாயிற்று, பழையவை அப்படியே கிடக்கின்றன.

மூலத்தைத் தொடாமல் வைத்து, யூனிகோடில் ஒரு பிரதி, நெடுங்காலம் காப்பதற்கான பிடிஎஃப் வகையான பிடிஎஃப்/ஏ-வில் ஒன்று, கூடவே கோப்பு மாறவில்லை என்று காட்ட எஸ்ஹெச்ஏ-256 சரிபார்ப்பு எண் என்று யோசித்திருக்கிறேன். வானவில் கோப்புகளை, அட்டவணை கலையாமல், இணையத்தில் ஏற்றாமல் மொத்தமாக மாற்றும் மென்பொருள் தெரியுமா? அப்புறம், பூஞ்சை பிடித்த சிடியை எதால் துடைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் நல்லது.