[கலைச்சொல்] ஜிபிஎஸ் சின்டிலேஷன்: சிமிட்டலா, அலைக்கழிவா?

குழுவினருக்கு வணக்கம்.

மலையேறுகிறவர்கள், ட்ரோன் பறக்கவிடுகிறவர்கள், ஜிபிஎஸ்ஸை வைத்துப் புதையல் தேடி விளையாடுகிறவர்கள் ஆகியோருக்காக நாலு பக்கக் கையேடு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். சூரியனில் வெடிப்பு ஏற்பட்டால் கையிலிருக்கும் ஜிபிஎஸ் ஏன் பிசகுகிறது என்பதுதான் பொருள். சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்குவதைச் சொல்லும் "சின்டிலேஷன்" என்ற சொல்லில் வந்து மாட்டிக்கொண்டேன். முதலில் தோன்றியது "மினுமினுப்பு". "வெடிப்புக்குப் பின் சிக்னலில் மினுமினுப்பு கூடும்" என்று எழுதிப் பார்த்தேன். முகப்பூச்சு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

கையேட்டை என் அனுபவத்தோடுதான் தொடங்கியிருக்கிறேன். போன மாதம் முகாமில் ராத்திரி 9 மணிவாக்கில் கருவியைப் பாறைச்சுவர் ஓரமாக வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். அரை மணி கழித்துத் தடப்பதிவைப் பார்த்தால், அசையாமல் கிடந்த கருவி நூல்கண்டு சிக்கிக்கொண்ட மாதிரி கோடு போட்டிருக்கிறது. ஒரு கோடு 30 மீட்டர் தள்ளிப் பள்ளத்துக்குள்ளேயே இறங்கித் திரும்பியிருந்தது. அன்று மதியம்தான் பெரிய சூரிய வெடிப்பு என்று செய்தியில் சொன்னார்கள். அதன் கைவரிசை இது என்று எழுதியாகிவிட்டது. இனி சொல் மட்டும் வேண்டும்.

*

> அன்று மதியம்தான் பெரிய சூரிய வெடிப்பு

ஐயா, சொல்லுக்குப் போகும் முன் இதைச் சரிசெய்துவிடுவோம். வெடிப்பிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரும் புற ஊதாக் கதிரும் ஒளியின் வேகத்தில் வருபவை. 8 நிமிடச் சொச்சத்தில் இங்கே வந்து, பகலாக இருக்கிற பக்கத்தின் அயனி மண்டலத்தில் (மேல் வளிமண்டலத்தில் எலெக்ட்ரான்கள் பிரிந்து திரியும் அடுக்கு) எலெக்ட்ரான்களைக் கூட்டிவிடும். இரவுப் பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காது. வெடிப்போடு சில சமயம் கிளம்புகிற பிளாஸ்மா மேகம் வேறு சமாச்சாரம். அது வந்து சேரப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் ஆகும், எவ்வளவு வேகமாக வந்தாலும் அரை நாளுக்கு மேல். ஆக, மதியம் வெடித்தது ராத்திரி 9 மணிக்கு உங்கள் பாறையைத் தேடி வந்திருக்க வழியில்லை.

இதைச் சொல்லக் காரணம், உங்கள் கையேட்டுக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை அயனி மண்டலத்தைக் கடக்கும்போது இரண்டு விதமாக அவதிப்படும்.

முதலாவது, தாமதம். வழியில் எலெக்ட்ரான் எவ்வளவு அதிகமோ அவ்வளவு தாமதம். ஒரு சதுர மீட்டர் அகலத் தூணில் பத்தாயிரம் லட்சம் கோடி எலெக்ட்ரான் என்பது ஒரு அலகு. ஓர் அலகு கூடினால், ஜிபிஎஸ்ஸின் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தூரக்கணக்கு 16 சென்டிமீட்டர் பிசகும். 2003 அக்டோபர் 28 அன்று நடந்த வெடிப்பு எக்ஸ் 17 வகை, ராட்சசன். அது கூட்டியதே சுமார் 25 அலகுதான். தலைக்கு நேர் மேலிருந்து வரும் அலைக்கு 4 மீட்டர் பிசகு, சாய்வாக வருவதற்கு இன்னும் கூடுதல். திறந்த வெளியில் போன் காட்டும் இடமே 5 மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அடர்ந்த காட்டில் ஒற்றையடிப் பாதையில் நடப்பவருக்கு அந்த 4 மீட்டர் தெரியவே தெரியாது. இந்தத் தாமதத்துக்கு "சுணக்கம்" என்று சொல்லலாம். அயனிச் சுணக்கம்.

இரண்டாவதுதான் நீங்கள் கேட்டது. அயனி மண்டலம் சீராக இல்லாமல் திட்டுத்திட்டாக, குமிழி குமிழியாக இருந்தால் சிக்னல் நொடிக்கு நொடி ஏறி இறங்கும். பூமியின் காந்த நடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் பொழுது சாய்ந்தபின் இது சாதாரணமாக நடக்கும், வெடிப்பு எதுவும் தேவையில்லை. சூரியன் துடியாக இருக்கும் ஆண்டுகளில் அதிகம். இதற்கு நான் சொல்வது "சிமிட்டல்". விண்மீன் கண்சிமிட்டுவது எதனால்? சீரில்லாத காற்றுக்குள் ஒளி நுழைந்து வருவதனால். இங்கே காற்றுக்குப் பதில் எலெக்ட்ரான், ஒளிக்குப் பதில் ரேடியோ அலை. குழந்தைக்குக்கூட விளங்கும் சொல் கையில் இருக்கும்போது புதிதாக எதற்கு?

உங்கள் நூல்கண்டுக்கு வருவோம். நான் பாறையைத்தான் சந்தேகிக்கிறேன். சோதிக்க எளிய வழி இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் நாளுக்கு நாள் ஏறக்குறைய 4 நிமிடம் முன்னதாக அதே இடத்துக்கு வந்துவிடும். அடுத்தடுத்து இரண்டு ராத்திரி கருவியை அதே இடத்தில் வையுங்கள், இரண்டாம் நாள் 4 நிமிடம் முன்னால். ஜிபிஎஸ் தவிர மற்ற செயற்கைக்கோள் தொகுதிகளை அணைத்துவிட்டுச் செய்யுங்கள், அவற்றின் கணக்கு வேறு. சிக்கு ஒரே மாதிரி விழுந்தால் குற்றவாளி பாறை. கருவித் திரையில் செயற்கைக்கோள்களைக் காட்டும் பக்கத்தில், சிக்னல் வலுவைக் காட்டும் பட்டைகளையும் ஒரு பார்வை பாருங்கள். சிமிட்டல் என்றால் அவை ஏறியிறங்கிக் குதிக்கும்.

*

சுணக்கம் நல்ல சொல், எனக்குச் சம்மதம். "பணி சுணக்கம்" என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம், யாருக்கும் விளக்க வேண்டாம்.

சிமிட்டல்தான் உறுத்துகிறது, அண்ணா. கண் சிமிட்டுவது மூடித் திறப்பது. சிக்னல் மூடித் திறப்பதில்லை, தத்தளிக்கிறது. "அலைக்கழிவு" என்று வைத்தால் என்ன? அலைக்கழிதல் என்றால் அல்லல்படுதல் என்று எல்லாருக்கும் தெரியும். பிரித்துப் பார்த்தால் அலை, கழிவு. அலையின் வலு கழிகிறது என்ற பொருளும் தற்செயலாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது. வினையாகவும் வரும்: "சாயங்காலமானால் சிக்னல் அலைக்கழிகிறது."

கையேட்டுக்காரருக்கு ஒரு சேதி. சுணக்கமும் இல்லாமல் சின்டிலேஷனும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்று உண்டு. 2006 டிசம்பர் 6 அன்று வெடிப்போடு சேர்ந்து சூரியனே ஜிபிஎஸ் அலைவரிசையில் பேரிரைச்சல் போட்டது. பகல் பக்கத்தில் பல கருவிகள் சில நிமிடம் செயற்கைக்கோளைத் தவறவிட்டன. அயனி மண்டலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை "சூரிய இரைச்சல்" என்றே எழுதிவிடலாம், விவாதம் வேண்டாம்.

*

அலைக்கழிவு அழகான சொல்தான் அம்மா, ஒரு நிமிடம் மயங்கிவிட்டேன். அப்புறம் அதை வேலை வாங்கிப் பார்த்தேன். இந்த ஏற்ற இறக்கம் அலையின் வீச்சிலும் (அதாவது வலுவில்) வரும், கட்டத்திலும் (அலை தன் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதில்) வரும், இரண்டையும் தனித்தனியாக அளக்கிறார்கள். "வீச்சுச் சிமிட்டல்", "கட்டச் சிமிட்டல்", "சிமிட்டல் எண்" என்று வாய் தடுக்காமல் சொல்ல முடிகிறது. "கட்ட அலைக்கழிவு எண்" என்று ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். தவிர, அவசரமாகப் படிப்பவர் கண்ணில் "கழிவு" மட்டும்தான் விழும், சாக்கடைதான் நினைவுக்கு வரும். மூடித் திறப்பது என்ற குறை இருக்கட்டும், விண்மீனும் மூடித் திறப்பதில்லையே, அதைக் கண்சிமிட்டுகிறது என்றுதானே சொல்கிறோம்?

இரண்டு சொல்லும் தனித்தனியாக நிற்க வேண்டியதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. இரண்டு அலைவரிசைகளைக் கேட்கும் கருவி, ஒன்றுக்கொன்று உள்ள வித்தியாசத்தை வைத்துச் சுணக்கத்தை ஏறக்குறைய முழுதும் கழித்துவிடும். சிமிட்டலை அப்படிக் கழிக்க முடியாது, சிக்னல் கையை விட்டே நழுவும். அதற்கு ஒரே ஆறுதல், பல தொகுதிச் செயற்கைக்கோள்களையும் கேட்கிற கருவி. சிமிட்டுகிற திசையை விட்டுவிட்டு மற்றதை வைத்து ஒப்பேற்றிவிடும். 2024 மே 10, 11 காந்தப் புயலில் (முன்பு சொன்ன பிளாஸ்மா மேகம் வந்து பூமியின் காந்தப்புலத்தைக் குலுக்குவது) அமெரிக்காவில் விதைப்பு நேரத்தில் டிராக்டர்கள் திணறியதும் சென்டிமீட்டர் துல்லியத்தை நம்பியிருந்ததால்தான். அதே ராத்திரி போனைப் பார்த்து நடந்தவர் நிம்மதியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பார். கையேட்டில் யாரையும் வீணாகப் பயமுறுத்த வேண்டாம். ட்ரோன்காரர்களுக்கு மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: காந்தப் புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில், தானாகத் திரும்பி வரும் வசதியை நம்பிக் கண்ணுக்கு எட்டாத தூரம் விடக்கூடாது.

*

எல்லாருக்கும் நன்றி. சுணக்கம், சிமிட்டல், இரைச்சல் மூன்றையும் எடுத்துக்கொள்கிறேன். அலைக்கழிவை விட மனமில்லை. "சிக்னல் அலைக்கழிகிறது" என்று வினையாக ஓர் இடத்தில் நுழைத்துவிட்டேன், யாரும் சண்டைக்கு வரக்கூடாது.

முதல் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்: "சூரிய வெடிப்பு பகலில் அயனிச் சுணக்கத்தைக் கூட்டும், இடம் சில மீட்டர் பிசகும். பொழுது சாய்ந்தபின் சிக்னல் பட்டைகள் குதித்தால் அது சிமிட்டல், அதற்கு அன்றைய வெடிப்பைக் குறை சொல்ல வேண்டாம்."

சோதனையையும் செய்துவிட்டேன். வெள்ளி, சனி இரண்டு ராத்திரி, அதே பாறை, இரண்டாம் நாள் 4 நிமிடம் முன்னால். பட்டைகள் பெரிதாக ஆடவில்லை. இரண்டு தடத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். பள்ளத்துக்குள் இறங்கித் திரும்பும் அந்தக் கோடு உட்பட அச்சு அசலாகப் பொருந்துகிறது. சூரியனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அனுபவக் கதையைப் பின்பக்கத்துக்கு மாற்றியிருக்கிறேன், பாறையில் பட்டுச் சுற்றி வருகிற சிக்னலைப் பற்றிய பகுதிக்கு. அதை "மல்டிபாத்" என்கிறார்கள். தமிழில் என்ன சொல்லலாம்?