நாரி நோவு: இயன்மருத்துவரா, முறிவு நெரிவு வைத்தியரா, கைரோபிராக்டரா?

கேள்வி (களுவாஞ்சிகுடி)

பெரும்போக அறுவடையில் நெல் மூடை தூக்கியதிலிருந்து என் அப்பாவுக்கு (63 வயது) நாரி (கீழ்முதுகு) நோவு; அது இடது காலின் பின்புறமாகக் குதிக்கால் வரை இறங்குகிறது. ஆதார வைத்தியசாலையில் இயன்மருத்துவ (பிசியோதெரபி) பிரிவுக்கு எழுதித் தந்துள்ளார்கள். ஊரவர்கள் முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் போட்டுத் தடவச் சொல்கிறார்கள். கனடாவில் உள்ள அண்ணாவோ, கைரோபிராக்டரிடம் காட்டுவதே நல்லது என்கிறார். இவர்கள் எல்லோரும் செய்வது ஒரே வேலைதானா? முதல் நாளில் என்ன நடக்கும்?

பதில் 1 (இயன்மருத்துவர், மட்டக்களப்பு)

சகோதரி, கையால் சிகிச்சை செய்வது பொதுவானாலும் இவர்களின் பயிற்சி வேறு வேறு. இயன்மருத்துவர்கள் இலங்கை மருத்துவச் சபையிலும், முறிவு நெரிவு வைத்தியர் போன்ற பாரம்பரிய வைத்தியர்கள் ஆயுர்வேத மருத்துவச் சபையிலும் பதியப்படுகிறார்கள். கைரோபிராக்டிக் 1895இல் அமெரிக்காவில் டி. டி. பாமர் தொடங்கிய முறை. முதுகெலும்பு மூட்டுகளை விரைந்து அழுத்துவது அதன் முக்கிய உத்தி. அப்போது கேட்கும் 'டக்' என்ற சத்தத்தை, விலகிய எலும்பு இடத்துக்கு வந்த சத்தம் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது மூட்டுத் திரவத்தில் வாயுக்குமிழி உண்டாவதோடு தொடர்புடையது. நோய் தீர்ந்ததற்கு அடையாளம் அன்று.

முதல் நாளில் கை வைப்பதற்கு முன்பே கேள்விகள் வரவேண்டும். நோவு எப்போது கூடுகிறது, இரவில் விழிக்க வைக்கிறதா, நீரிழிவு உண்டா, என்ன மருந்து குடிக்கிறார் என்று கேட்பார்கள். பிறகு அப்பாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்கால் மடங்காமல் இடது காலை மெல்ல உயர்த்தி, எந்த உயரத்தில் நோவு காலுக்குள் இறங்குகிறது என்று பார்ப்பார்கள். குதிக்காலில் நடக்கச் சொல்லிப் பாதத்தின் பலத்தையும் அறிவார்கள். கைச்சிகிச்சை சிறிது நேரந்தான். வீட்டில் செய்யவேண்டிய பயிற்சியே பெரும்பகுதி. இவ்வகைக் கால் நோவு பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சத்திரசிகிச்சை இன்றியே குறைகிறது. ஆதலால் ஒரே அமர்வில் மாற்றித் தருவதாக யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன்.

பதில் 2 (சாய்ந்தமருது)

முறிவு நெரிவு வைத்தியர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டாம். என் உம்மா வழுக்கி விழுந்தபோது நாங்கள் முதலில் சென்றது அத்தகைய ஒருவரிடமே. அவர் உம்மாவின் முதுகை விரல் நுனியால் தொட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய்ப் போத்தலைத் திறக்காமலே, "எக்ஸ்ரே எடுக்காமல் நான் அழுத்தமாட்டேன்" என்று எழுந்துவிட்டார். எலும்பு தேய்ந்த வயதில் முள்ளெலும்பு நொறுங்கியிருக்கலாம், அதன்மேல் அழுத்தினால் கேடு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மறுக்கத் தெரிந்தவரிடமே என் குடும்பத்தை ஒப்படைப்பேன்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. இயன்மருத்துவப் பிரிவுக்கே கூட்டிச்செல்கிறோம். அதுவரை அப்பாவைப் படுக்கையிலேயே வைத்திருக்கலாமா?

பதில் 1

வேண்டாம். நோவு தாங்கும் அளவுக்கு வீட்டுக்குள் நடக்கட்டும். நெடுநேரம் குனிவதையும் பாரம் தூக்குவதையும் மட்டும் தவிர்க்கட்டும். ஆனால் சிறுநீர் போகாமல் அடைபட்டாலோ, மலசலம் அவரை அறியாமல் போனாலோ, இரு தொடைகளுக்கு இடையே மரத்துப்போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல், யாரையும் தடவ விடாமல், இரவானாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.