சிறகுதிர்த்த ராணி: கரூ எறும்புக் கையேட்டுக்கான கலைச்சொல்

> தென்னாப்பிரிக்காவின் கரூ பாலையில் தனியாக ஓடும் ராணி எறும்பைச் "சிறகற்ற ராணி" என்றே குறித்துவிடலாமா?

வேண்டாம் அண்ணா. அந்தச் சொல் இரண்டு வகை ராணிகளை ஒன்றாக்கிவிடும். மழைக்குப் பின் பறந்து இணைசேர்ந்து, தரையிறங்கியதும் சிறகைக் களைவது ஒரு வகை. பிறவியிலேயே சிறகில்லாதது இன்னொரு வகை. முதலாவதற்குச் "சிறகுதிர்த்த ராணி" என் பரிந்துரை. "உதிர்ந்த" என்றால் தானாக விழுந்தது. இங்கே கால்களால் அழுத்தி ராணியே முறித்துப் போடுகிறது, பிறவினைதான் பொருந்தும்.

பார்க்க வேண்டிய இடம் நடுவுடல். வேலைக்காரிக்கு அது ஒடுங்கியிருக்கும். ராணிக்குப் பறக்கும் தசைகள் தங்க வேண்டுமே, அதனால் தடித்துத் திரண்டு, முதுகில் தனித்தனித் தகடுகளாகத் தெரியும். 10 மடங்கு லென்ஸில் பக்கவாட்டில் பார்த்தால் பக்கத்துக்கு 2 முறிவு அடையாளங்கள்: "சிறகுத் தழும்பு". பருமனை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். கம்போனோட்டஸ் என்ற எறும்புப் பேரினத்தின் பெரிய வேலைக்காரி கிட்டத்தட்ட ராணியளவு வளரும், தலையும் பெரிது. ஆனால் தழும்பு இருக்காது, தலையுச்சியில் 3 தனிக்கண்களும் இருக்காது.

அதற்கும் முன்னால் இடுப்பைப் பாருங்கள். கரூவில் ஹோடோடெர்மெஸ் கரையானின் ஈசலும் சிறகை உதிர்த்துவிட்டுத் தரையில் ஓடும். கரையானுக்கு ஒடுங்கிய இடுப்பில்லை, உணர்கொம்பில் முழங்கை மடிப்பில்லை. எறும்புதான் என்றானபின் இடுப்புக் கணுவை எண்ணுங்கள்: கம்போனோட்டஸுக்கு 1, விதை சேர்க்கும் மெஸ்ஸருக்கு 2.

> "கருவுற்ற ராணி" என்றால் எல்லாருக்கும் புரியுமே?

புரியும் தம்பி, ஆனால் தவறாகப் புரியும். இணைசேராத ராணியும் சில வேளை சிறகை உதிர்த்துவிடும். தழும்பை வைத்து அது ராணி என்று மட்டுமே சொல்லலாம். இணைசேர்ந்ததா என்பதற்கு வயிற்றைத் திறந்து விந்துப்பையைப் பார்க்க வேண்டும். உயிரோடு வைத்திருப்பவர்கள் முட்டையிலிருந்து வேலைக்காரி வரும்வரை பொறுக்கட்டும். முட்டையிட்டதே போதாது, கருவுறாத முட்டையிலிருந்து ஆண் எறும்புதான் வரும்.

ஆகவே முதல் வகைக்குச் "சிறகுதிர்த்த ராணி" என்பதே இருக்கட்டும். இரண்டாம் வகைக்கு "பணியுரு ராணி" என்று வைப்போம். நண்பகல் சுடுமணலில் ஓடும் ஒசிமிர்மெக்ஸ் எறும்புப் பேரினத்தின் ராணி அப்படித்தான்: வேலைக்காரியின் உருவம், சிறகு முளைத்ததே இல்லை. தழும்புச் சோதனை அங்கே செல்லாது. ஒற்றை எறும்பைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு கட்டாமல், அதே புற்றின் வேலைக்காரிகள் சிலவற்றோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். கையேட்டில் அந்தப் பேரினத்தின் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.