அவசரம்: தங்கத் தோல்பெட்டிக்கு ஒரு சொல்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். படக்கண்காட்சி ஒன்றுக்கு மும்மொழி விளக்கச் சீட்டு எழுதுகிறேன். நாளை காலை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். ஒரு படத்தில் மாட்டிக்கொண்டேன்: 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரச குடும்பத்துக்குப் பாரிஸில் செய்த பயணப்பெட்டி. மரக்கூட்டின் மேல் சிவப்பு ஆட்டுத்தோல், தோல் நெடுகத் தங்க லில்லிப்பூ. மழைநீர் வழிந்தோட மூடி வளைவாக இருக்கிறது. மலாயில் 'பெத்தி' என்று முடித்துவிட்டார்கள். 'தங்கமுலாம் தோல்பெட்டி' சரியா?

கிள்ளான் ஐயா:
தம்பி, முலாம் அரபு வழி வந்தது, நமக்கெதற்கு? தில்லைச் சிற்றம்பலத்துக்குப் பராந்தக சோழன் பொன் வேய்ந்தான், முலாம் பூசவில்லை. பொன்+தோல், பொற்றோல். ஆக, 'பொற்றோற்பேழை'. தோல் என்றால் சங்க இலக்கியத்தில் கேடயமும் உண்டு, யானையும் உண்டு. தொல்காப்பியர், நூலுக்குச் சொன்ன எட்டு வனப்பில், அதாவது அழகில், ஒன்றுக்கே அந்தப் பெயரை வைத்தார். இதைச் சற்று விரித்தால்...

பட்டர்வொர்த் ஆசிரியை:
விரிக்காதீர்கள் ஐயா, விடிந்துவிடும். பலகையில் 'பொற்றோற்பேழை' என்று எழுதினால் என் நான்காம் படிவப் பிள்ளைகள் "டீச்சர், தோற்றது யாரு?" என்பார்கள். வளைந்த மூடிக்குக் கீழே 'பேழை' என்று போட்டால் ஒன்று நோவா நினைவுக்கு வருவார், இல்லையென்றால் ஈமப்பேழை. பெட்டிக்கு என்ன குறை? நம்மிடம் வாங்கிய அந்தச் சொல்லை மலாய்க்காரர்கள் 'பெத்தி செஜுக்' (குளிர்சாதனப் பெட்டி) வரை கொண்டுபோய்விட்டார்கள். நாம்தான் கூச்சப்படுகிறோம்.

பினாங்கிலிருந்து:
நான் புத்தகம் கட்டும் தொழிலில் இருந்தவன். முலாமும் வேய்தலும் இரண்டுமே பொருந்தாது. தோலில் முட்டை வெள்ளைக்கரு தடவுவோம். காய்ந்ததும் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, வைத்து, சுட்ட பித்தளை அச்சை அழுத்துவோம். சூடு பட்ட இடத்தில் மட்டும் தங்கம் பிடிக்கும், மிச்சம் துணியோடு வந்துவிடும். அச்சு கூடுதலாகச் சுட்டால் தோல் கருகிவிடும். அதனால் முதலில் ஈரப்பஞ்சில் வைத்து, 'ஸ்ஸ்' என்ற சத்தத்தைக் கேட்டுப் பதம் பார்ப்போம். ஸ்பெயினின் கோர்டோபா தோல் வேறு கதை. தங்கம் போலத் தெரிவது வெள்ளி ரேக்கின் மேல் பூசிய மஞ்சள் வார்னிஷ். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் பார்ப்பவரை ஏமாற்றுவதாகும். இந்தப் பெட்டியில் நடந்தது பொறித்தல்.

கிள்ளான் ஐயா:
ஒப்புக்கொள்கிறேன். 'பொற்பொறித்தோற்பேழை'.

பட்டர்வொர்த் ஆசிரியை:
தங்க மெஷினா ஐயா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
மணி இரவு பன்னிரண்டு. 'பொன் பொறித்த தோல் பெட்டி' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நால்வரில் மூவர் பக்கம். இது கலைச்சொல் இல்லை, வெறும் தொடர்தான், தெரியும்.

கிள்ளான் ஐயா:
அனுப்பியது இருக்கட்டும். இடைவெளி விட்டு எழுதினால் மட்டும் புணர்ச்சி ஓடிப்போய்விடுமா? தோற்பெட்டிதான். அதோடு, 'பயணம்' எங்கே தம்பி? மூன்று பேரும் அதை மறந்துவிட்டீர்கள்.