புதுப்பிப்பு: மஞ்சள் விளக்கு எரிந்த 5 லிட்டர் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்

முன்பு கேட்டது இதுதான்: காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் இந்த மெஷின், நிமிடத்துக்கு 2 லிட்டர் விட்டால் 93 சதவீத ஆக்சிஜன் காட்டுகிறது, 5 லிட்டருக்கு ஏற்றினால் 80-க்குக் கீழே இறங்கி மஞ்சள் விளக்கு எரிகிறது. இரண்டு சீவ் பெட்டும் (நைட்ரஜனைப் பிடித்துக்கொண்டு ஆக்சிஜனை வெளியே விடும் ஜியோலைட் நிரப்பிய குழல்கள்) மாற்றியாயிற்று. இப்போது 5 லிட்டரிலும் 92 நிற்கிறது.

ஆனால் எடுத்தவுடனே சீவ் பெட்டுக்குப் போகாதீர்கள், செலவு அதிகம். இன்டேக் ஃபில்டர் (உள்ளே போகும் காற்றை வடிகட்டுவது) கறுத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். கழுவ வேண்டியது வெளியே இருக்கும் ஸ்பாஞ்ச் மட்டும். அடுத்து, குழாய் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். கம்ப்ரசர் அழுத்தம் சர்வீஸ் மேனுவலில் சொன்ன அளவுக்கு ஏறவில்லை என்றால் பெரும்பாலும் அதன் பிஸ்டனில் இருக்கும் கப் சீல் தேய்ந்திருக்கும். அப்போது சீவ் மாற்றுவது தண்டச் செலவு. இந்த மெஷினில் அழுத்தமும் சரி, கசிவும் இல்லை.

மிஞ்சியது ஈரம். ஜியோலைட் நைட்ரஜனைவிட நீராவியை இறுகப் பிடித்துக்கொள்ளும், லேசில் விடாது. 2021-ல் வாங்கி லாஃப்டில் ஏற்றிய மெஷின்கள் சென்னைக் காற்றில் கெடுவது இப்படித்தான். மாதம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

புது பெட்டின் மூடியைக் குழாய் மாட்டும் நிமிடம்வரை கழற்றக் கூடாது. ஆக்சிஜன் போகும் பக்கம் எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் படக் கூடாது, தீப்பிடிக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர் ஷாக் அடிக்கும். (அது போயிருந்தால் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் தேடலாம், மைக்ரோஃபாரட் அதேதான் இருக்க வேண்டும், வோல்ட் குறையக் கூடாது.)

மாற்றியபின் 5 லிட்டரில் அரை மணி நேரம் ஓடவிட்டு ஆக்சிஜன் அனலைசரில் அளந்து பாருங்கள். விரல் ஆக்சிமீட்டரை வைத்து மெஷினைச் சரிபார்க்க முடியாது. அதுவரை நோயாளிக்கு சிலிண்டர் ஓடட்டும்.